பெயரும் பதிவும்: ஒரு சுகாதாரத் துறைத் தரவுத்தளத்தில் தமிழ் ஒலியியல்

பொதுச் சுகாதாரப் பதிவேடுகளைப் பற்றி மொழியியலார் பேச என்ன இருக்கிறது என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஈராண்டுக்கு முன்னர் நம்மிடம் யாரேனும் இவ்வினாவை எழுப்பியிருந்தால், ஒன்றுமில்லை என்றே விடை கூறியிருப்போம். அவ்விடையை மாற்றியவர் கணினியியல் இறுதியாண்டு மாணவி ஒருவர். மலேசியாவின் மாநிலச் சுகாதாரத் துறையொன்றில், பல்லாண்டுப் பழமையான நோயாளர் பதிவுத் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் பணியில் ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்காக அவர் சேர்ந்திருந்தார். பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரம், தாளொன்றில் சில எழுத்துக்கூட்டல்களை மட்டும் குறித்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். நோயாளர் விவரம் எதையும் அலுவலகத்துக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்பது விதி. ஆகவே அத்தாளில் எண்ணோ முகவரியோ தந்தை பெயரோ இல்லை.

"ஐயா, இவை மூன்றும் மூன்று பெயரா, ஒரே பெயரா?" என்று கேட்டார்.

மூன்றும் ரூமி எழுத்தில் இருந்தன. முதலாவது எல், ஈ, டி, சி, எச், யூ, எம், ஒய். இரண்டாவது அதே வரிசை, டி மட்டும் இல்லை. மூன்றாவது எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ. தமிழறிந்தோர் எவரும் நொடியில் சொல்லிவிடுவர், மூன்றும் இலட்சுமியே என்று. கணினிக்கு அவை மூன்று வேறு எழுத்துச் சரங்கள். அம்மாணவி, ஊரும் அடையாளமும் மறைத்து, அதன் பின்னணியைக் கூறினார். முதிய அம்மையார் ஒருவருக்கு வெவ்வேறு காலத்தில் மூன்று அட்டைகள் திறக்கப்பட்டிருந்தன. தோட்டத்தில் இருந்தபோது ஒன்று, தோட்டம் விற்கப்பட்டு நகர்ப்புறக் குடியிருப்புக்கு வந்தபின் ஒன்று, நீரிழிவு சிகிச்சைக்கென வேறொரு கிளினிக்குக்கு அனுப்பப்பட்டபோது ஒன்று. பெனிசிலின் அவருக்கு ஒவ்வாது என்னும் சிவப்பு மைக் குறிப்பு முதல் அட்டையில் மட்டுமே இருந்தது. அவரை முகம் பார்த்தே அறிந்த மூத்த தாதி ஒருவர் அங்கிருந்தமையால் இதுவரை தீங்கு நேரவில்லை. புதிய தரவுத்தளத்துக்கு முகம் தெரியாது. அது பெயரையும் எண்ணையும் நாளையும் மட்டுமே அறியும்.

பெயர் எதற்கு, அடையாள அட்டை எண் இருக்கிறதே எனலாம். மாணவியும் முதலில் அவ்வாறே எண்ணினார். மலாயாவில் 1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த 12 இலக்க எண் 1990இல்தான் வந்தது. மைகாட் 2001இல் வந்தது. அதற்கு முந்திய பதிவுகளில் பழைய எண் இருக்கும். பலவற்றில் எண்ணே இராது. பிறந்த குழந்தையின் பதிவு தாயின் பெயரில் தொடங்கும். குடியுரிமைச் சிக்கலால் ஆவணமின்றி வாழ்வோரும் நம்மிடையே உளர். நோய் அவர்களை ஆவணம் கேட்டு அணுகுவதில்லை. இவர்கள் எல்லோருக்கும் பெயரே பற்றுக்கோடு. எண் உள்ளவர்க்கும் அது முழுக்காவல் அன்று. 12 இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அதில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 20 எனத் தொடங்கினால் நூற்றாண்டைக் கடந்த மூதாட்டியா, 2020இல் பிறந்த பிள்ளையா என்பதை அந்த ஆறு இலக்கம் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். இச்சிறு செய்தி பின்னர் நமக்குப் பயன்பட்டது.

சிதறிய பதிவுகளை ஒரே ஆளுக்குரியவை எனக் கண்டு சேர்ப்பதற்குப் பதிவிணைப்பு என்று பெயர் கொள்வோம். அமெரிக்காவின் உயிர்நிகழ்வுப் புள்ளிவிவர அலுவலகத் தலைவராக இருந்த ஹால்பர்ட் டன் 1946இல் இக்கருத்துக்கு வடிவம் தந்தார். ஒவ்வொரு மனிதரும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் வாழ்க்கை நூலொன்றை எழுதுகிறார். அதன் ஏடுகள் வெவ்வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன. அவற்றைக் கட்டித் தருவதே பதிவிணைப்பு என்பது அவர் விளக்கம். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்த மரபில் வந்த தமிழர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கனடாவின் ஹாவர்ட் நியூகோம் 1959இல், பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் கணினியால் இணைக்கும் முறையை வெளியிட்டார். கதிர்வீச்சால் பரம்பரைக் கேடு நேருமா என்பதை அறிய அவருக்கு அது தேவைப்பட்டது. 1969இல் ஃபெலிகி, சன்டர் இருவரும் அதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தனர். அவர்கள் சொன்னதில் நமக்கு வேண்டியவை இரண்டு. அரிய பெயர் இரு பதிவிலும் ஒத்திருந்தால் அவ்வொற்றுமைக்கு எடை மிகுதி. பரவலான பெயருக்கு எடை குறைவு. அகிலாண்டேஸ்வரி இருமுறை வந்தால் ஒருவரே என ஐயுறலாம். ராஜு இருமுறை வந்தால் அவ்வாறு எண்ண இடமில்லை. மற்றது, முடிவு இரண்டல்ல, மூன்று. இணை, இணையாதே, மனிதர் பார்த்துச் சொல்க என்பன அவை.

பெயர் ஒத்திருக்கிறது என்பதைக் கணினி எப்படி அறியும் என்னும் இடத்தில்தான் மொழியியல் நுழைகிறது.

மாணவியின் மேலாளர் அவருக்குத் தந்த கருவி சவுண்டெக்ஸ் என்பது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பார் 1918இல் காப்புரிமை பெற்ற முறை இது; பின்னர் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டைகளை வரிசைப்படுத்தப் பயன்பட்டது. நூறாண்டு கடந்தும் பெரும்பாலான தரவுத்தள மென்பொருள்களில் இன்றும் உள்ளது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளை விட்டுவிட வேண்டும். எஞ்சிய மெய்களை ஆறு கூட்டமாக்கி, கூட்டத்துக்கு ஓர் எண் தர வேண்டும். அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணை ஒருமுறை எழுதினால் போதும். மூன்று எண் கிடைத்ததும் நிறுத்திவிடலாம். மிக எளிய, அமெரிக்கக் குடும்பப்பெயர்களுக்கு ஓரளவு பொருந்திய முறை.

மேற்சொன்ன இலட்சுமிகளை அதிலிட்டுப் பார்த்தோம். டி உள்ள வடிவுக்கு எல்-325 என விடை வந்தது. டி இல்லாத வடிவுக்கும், கே-எஸ்-எச் உள்ள வடிவுக்கும் எல்-250. ஆக மூவரில் இருவர் சேர்ந்தனர், ஒருவர் வெளியே நின்றார். அந்த ஒருவரின் அட்டையில்தான் சிவப்பு மைக் குறிப்பு இருந்தது.

கணபதி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இதனை ஜி எழுதித் தொடங்குவோர் உளர். கே எழுதித் தொடங்குவோரும் உளர். சவுண்டெக்ஸ் முறையில் ஒன்று ஜி-513, மற்றது கே-513. எண்கள் மூன்றும் ஒன்றே. முதல் எழுத்து மட்டும் வேறு. அதனால் இருவரும் ஒருபோதும் சந்திக்க மாட்டார்கள். துரைசாமியும் அவ்வாறே, எண் 625, முதல் எழுத்தில் பிளவு. இளங்கோவும் அவ்வாறே, எண் 452, ஐ என்று ஒருவர், ஈ என்று ஒருவர். பழைய அட்டைப்பெட்டிகளிலும் இதுவே நிகழ்ந்தது. கே இழுப்பறையில் தேடிய எழுத்தர், அட்டை இல்லையெனக் கண்டு புதிதாக ஒன்று திறந்தார்; பழையது ஜி இழுப்பறையில் உறங்கியது. அமெரிக்கப் பெயருக்கு மிக உறுதியான எழுத்து முதலெழுத்து என்னும் நம்பிக்கையில் அம்முறை கட்டப்பட்டது. தமிழ்ப் பெயரை ரூமியில் எழுதும்போது மிகவும் ஆட்டங்காணும் எழுத்து முதலெழுத்தே.

இதன் காரணம் நம் மொழியின் ஒலியமைப்பில் உள்ளது. க, ச, ட, த, ப என்னும் வல்லினங்களுக்குத் தமிழில் ஒலிப்புடைய வடிவுக்கெனத் தனியெழுத்து இல்லை. சொன்முதலிலும் இரட்டித்த இடத்திலும் ஒலிப்பின்றி ஒலிப்போம். மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடன் ஒலிப்போம். உயிர்களுக்கிடையே ஒலிப்புடனோ நெகிழ்ந்தோ ஒலிப்போம். கந்தன் என்பதில் தொடக்கக் ககரம் ஒன்று, முருகன் என்பதில் இடைக் ககரம் வேறொன்று, எழுத்து ஒன்றே. இடம் நோக்கி ஒலி மாறும் இவ்விதியைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் விரிவாக எடுத்துக்காட்டினார். தமிழருக்கு இவை மாற்றொலிகள். வேறுபாட்டைக் காதால் உணர்ந்தாலும் பொருள் வேறுபாடாகக் கொள்வதில்லை. ஆனால் கணபதி, பாலன், தனம், கோபால் முதலியன வடமொழிவழி வந்தவை. அங்கே முதல் மெய் ஒலிப்புடையது. பள்ளி சென்றோர் சிலர் அவ்வாறே ஒலிப்பர். தோட்டத்துப் பாட்டி தமிழ் இயல்புக்கேற்ப ஒலிப்பின்றி ஒலிப்பார். எழுதும் எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதுவார். பாலன் என்னும் பெயரை ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தில் தொடங்குவதா பதினாறாம் எழுத்தில் தொடங்குவதா என்பது, அன்று பேசியவர் யார், எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது. (இவ்விரண்டு எழுத்துகளின் பெயரையும் தமிழில் எழுதினால் 'பி' என்றே வரும் என்பதால்தான் இவ்வாறு எண்ணிட்டுச் சொல்ல நேர்ந்தது. நம் கருத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.)

எழுதியவர் யார் என்பதும் சிறிய செய்தி அன்று. தோட்ட அலுவலகங்களில் கிராணி வேலை பார்த்தோரில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் மிகுதி. தென்னிந்திய ஆங்கில வழக்கில் தகரத்துக்கு டி-யுடன் எச் சேர்ப்பது மரபு, ழகரத்துக்கு இசட்-எச். மலாய்மொழிக் காதுடையவர் தகரத்தைக் கேட்டால் எச் சேர்க்கமாட்டார். அம்மொழியின் டி-யே பல்லொலிதான். ஆகவே தங்கவேலு எச் உடனும் எச் இன்றியும் வாழ்கிறார். சகரத்துக்கு எஸ், சி-எச் என இரு வடிவுகள் முன்பே இருந்தன. 1972இல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது சி-எச் என்பது சி ஆயிற்று. மக்கள் தத்தம் பெயர்களைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளவில்லை. புதிய பழக்கத்தில் கற்ற எழுத்தரின் விரல் எந்நேரமும் பழையதையே எழுதும் என்பதற்கும் உறுதியில்லை.

உயிரெழுத்துகளின் கதை இன்னும் சுவையானது. பேச்சுத் தமிழில், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரின், முதலசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழும். இலை எலையாகிறது, குடை கொடையாகிறது. இதே விதியால் இளங்கோ எளங்கோ ஆகிறார். அதனால்தான் நம் நாட்டில் அப்பெயரைப் பலர் ஈ எழுதித் தொடங்குகின்றனர். துரை தொரையாகிறார், உலகநாதன் ஒலகநாதன் ஆகிறார். முருகன் மட்டும் ஒருபோதும் மொருகன் ஆவதில்லை. காரணம், அடுத்த அசையில் உகரம் நிற்கிறது. எழுத்தர்கள் தாறுமாறாக எழுதினர் என்று மாணவியின் அலுவலகத்தில் ஒருவர் குறைபட்டுக்கொண்டாராம். தாறுமாறு எனில் மொருகனும் வந்திருக்க வேண்டும். எழுத்தர்கள் ஒலியை உண்மையாகவே பதிந்திருக்கின்றனர்.

லட்சுமி லெட்சுமி ஆவது வேறொரு விதி. வடமொழியிலிருந்து வந்த சொற்களில், முதலில் நிற்கும் ரகர லகரங்களையும் ஒலிப்புடைய வல்லினத்தையும் அடுத்த அகரம் பேச்சில் எகரமாவது உண்டு. ரத்தினம் ரெத்தினமாவதும் கங்கை கெங்கையாவதும் இவ்வகையே. அதனோடு க்ஷகரம் தமிழில் ட்ச ஆகி, பேச்சில் ச்ச என்றும் நெகிழும். லக்ஷ்மி, லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி. அம்மாணவி கொண்டுவந்த தாளில் இருந்த மூன்றும் இவ்வரிசையின் மூன்று படிகள். தொல்காப்பியம் ரகர லகரங்களைச் சொன்முதலில் ஏற்பதில்லை. ஆகவே தமிழில் இலட்சுமி, இராமசாமி என இகரம் சேர்த்து எழுதுகிறோம். அவ்விகரம் அடையாள அட்டையில் பெரும்பாலும் ஏறுவதில்லை.

ழகரம் கடைசி. தமிழ்ச்செல்வி என்பதை எல் இட்டு எழுதினால் சவுண்டெக்ஸ் தருவது 5, 4, 2. இசட்-எச் இட்டு எழுதினால் 5, 2, 4. மொழியின் பெயரையே தம் பெயரில் தாங்கியவர், அம்மொழியின் சிறப்பெழுத்தால் இரண்டாகப் பிளக்கப்படுகிறார்.

இவ்வளவையும் விளக்கியபின் மாணவி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் ரூமியில் ஒப்பிடாமல், தமிழுக்குத் திருப்பிவிட்டு ஒப்பிட்டால் என்ன ஐயா?" என்றார். நாற்பதாண்டு மொழியியல் கற்பித்த நமக்கு அவ்வெண்ணம் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணிப் பாருங்கள். ஜி-யையும் கே-யையும் வேறுபடுத்தாத எழுத்துமுறை ஒன்று வேண்டும். இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் ஒன்றாகக் காணும் முறை வேண்டும். தமிழ் நெடுங்கணக்கு ஈராயிரம் ஆண்டாக அதைத்தான் செய்துவருகிறது. தமிழில் வர்க்க எழுத்து இல்லாமை குறை என்று வாதிடுவோர் உளர். இப்பணிக்கு அக்'குறை'யே வேண்டியிருந்தது.

ஆனால் முழுவதும் தமிழுக்குத் திருப்புதல் இயலாது. தமிழ் பிரிப்பவற்றை ரூமி கலந்துவிடுகிறது. ல, ள, ழ மூன்றும் எல்; ந, ன, ண மூன்றும் என்; ர, ற இரண்டும் ஆர்; குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒன்று. இழந்ததை மீட்க வழியில்லை. ஆகவே மாணவி வகுத்த ஒப்பீட்டுச் சாவி, தமிழ் பிரிக்காதவற்றையும் பிரிக்கவில்லை; ரூமி பிரிக்காதவற்றையும் பிரிக்கவில்லை. வல்லினத்துக்கு இனத்துக்கோர் எழுத்து, அதிலும் டகர தகரம் ஒன்று. லகர வகைக்கு ஒன்று. மெல்லினத்தில் மகரம் தனி, மற்றவை ஒன்று. முதலசையில் இகர எகரம் ஒன்று, உகர ஒகரம் ஒன்று. க்ஷ, ட்ச, ச்ச மூன்றும் ஒன்று. இச்சாவியை இட்டபோது மூன்று இலட்சுமிகளும் ஓரிடத்தில் கூடினர். கணபதிகளும் கூடினர்.

ஆசிரியர்கள் தத்தம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். ஒலியன், மாற்றொலி என்னும் பாடத்துக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டிய தேவை இராது.

மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. அடுத்த முறை மாணவி கலங்கிய முகத்துடன் வந்தார். அவர் எழுதிய நிரல் இரு பதிவுகளை ஒருவருக்குரியவை எனத் தீர்ப்பளித்திருந்தது. தந்தை பெயர் ஒன்று, பிறந்த நாள் ஒன்று, முகவரி ஒன்று. பெயர், மாற்றிச் சொல்வதானால், ஒன்றில் குமார், மற்றதில் குமாரி. ஓரெழுத்து மிகை, தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நிரல் கருதியது. அவர்கள் இரட்டைப் பிள்ளைகள். இணைத்திருந்தால், ஒருவருக்கு இட்ட தடுப்பூசி மற்றவர் கணக்கில் ஏறியிருக்கும். ஒரு பிள்ளை பதிவிலிருந்தே மறைந்திருக்கும்.

இங்கே நாம் செய்த பிழை வெளிப்படையானது. உயிரெழுத்து உறுதியற்றது என்று கண்டவுடன் இறுதி உயிரையும் சாவியிலிருந்து விட்டுவிடலாம் எனப் பரிந்துரைத்தவர் நாமே. தமிழ்ப் பெயரின் இறுதியில் நிற்பது வெறும் உயிரன்று. பால் காட்டும் விகுதி. குமார், குமாரி, செல்வன், செல்வி, கலைவாணன், கலைவாணி. முதலெழுத்தை நம்பக்கூடாதது போலவே, இறுதியை நம்பாதிருக்கவும் கூடாது. சவுண்டெக்ஸும் இங்கே தவறும். குமாருக்கும் குமாரிக்கும் அது தருவது கே-560 என்னும் ஒரே குறியீடு. மணி, மீனா, மோகன் மூவரும் அதன் கண்ணுக்கு ஒருவரே. மாணவி இறுதியசையைச் சாவியில் மீண்டும் சேர்த்தார். எண் உள்ள இடத்தில் அதன் இறுதி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதையும் உடன் சோதித்தார். குமார், குமாரியின் எண்களைப் பார்த்திருந்தாலே வேறுபாடு தெரிந்திருக்கும்.

பிரிந்து கிடப்பதும் தீங்கே. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும். இடையில் ஊர் மாறியவர் புதிய எழுத்துக்கூட்டலில் பதிவானால், பழைய கிளினிக்கில் சிகிச்சையைக் கைவிட்டவர், புதிய கிளினிக்கில் புதிய நோயாளர் என ஒருவரே இரு கணக்கில் நிற்பார். ஆயினும் பிரிந்ததைப் பின்னர் சேர்க்கலாம். தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது அரிது. எந்த ஊசி யாருக்கு, எந்த ஒவ்வாமை யாருக்கு என்பது அதற்குள் கலந்துவிடும். ஐயம் எழுந்தால் இணைக்காதே என்பதை மாணவி தம் நிரலின் முதல் வரியில் குறிப்பாக எழுதிவைத்தார்.

தந்தை பெயர் பற்றிச் சில சொற்கள். பழைய தரவுத்தளம் 1980களில் பரவலாயிருந்த டிபேஸ் மென்பொருளில் தொடங்கியது. புலங்களின் நீளம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. பெயருக்கு 30 இடம். பாலதண்டாயுதபாணி என்பது ரூமியில் 19 எழுத்து. மகன் எனக் குறிக்கும் ஏ/எல், அதன் இருபுற இடைவெளி சேர்ந்து 24. தந்தைக்கு எஞ்சியது 6. ராமநாதனுக்கும் ராமநாராயணனுக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றே. இரு தந்தையர் ஒருவராயினர். புதிய தரவுத்தளத்தில் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதன் ஆயத்த வடிவமைப்பு 'குடும்பப்பெயர்' என்னும் புலத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்றது. தமிழருக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரை அங்கே இட்டால், ஒரு வீட்டில் கணவருக்கு அவர் தந்தை பெயர், மனைவிக்கு அவர் தந்தை பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர் என மூன்று 'குடும்பங்கள்' தோன்றும். தொற்றுநோய் வந்தால் உடனிருந்தோரைத் தேடும் அலுவலருக்கு இது வீண் அலைச்சல். சாய்கோட்டை ஏற்காத மென்பொருளோ ஏ/எல் என்பதை ஏஎல் ஆக்கி நடுப்பெயர் எனக் கருதும். மாணவி அப்புலத்தை நீக்கி, தன் பெயர், உறவுக்குறி, தந்தை பெயர் என மூன்றாக்கினார். ஏ/எல் கண்டவிடமெல்லாம் தமிழர் என்றும் கொள்ளலாகாது. கெடாவின் சயாமியரும் ஒராங் அஸ்லி மக்களும் அதனை எழுதுவர். அவர்தம் பெயர்மீது தமிழ் ஒலிவிதியைச் செலுத்துவது தவறு. ஒரே சீனக் குடும்பப்பெயர் ஹொக்கியனில் தான் என்றும் கண்டோனியத்தில் சான் என்றும் ஹக்காவில் சின் என்றும் ஒலிக்கும். அதற்கு வேறு சாவி வேண்டும், அதைச் சொல்லவேண்டியவர் வேறு.

பணி முடியும் தறுவாயில் மேலாளர், இத்தனை வடிவங்கள் எதற்கு, ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என நிலைப்படுத்திப் பழையதை அழித்துவிடலாமே என்றாராம். நேர்த்தி விரும்பும் நிருவாகிக்கு இயல்பான எண்ணம். மாணவி நம் கருத்தைக் கேட்டார். அது கூடாது என்றோம். பிறப்புச் சான்றிதழில் உள்ள வடிவம் சட்டப்படியான பெயர். அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. அதனினும் மேலாக, டி உள்ள லெட்சுமி என்பது ஒரு தோட்டத்தில் ஒரு நாள் ஒரு தாய் தன் மகள் பெயரைச் சொன்ன விதத்தின் பதிவு. மொழியியலாருக்கு அது தரவு. சாவி ஒப்பிடுவதற்கு மட்டும், தனிப்புலத்தில், மறைவாக இருக்கட்டும். பெயர் எழுதியவாறே நிற்கட்டும் என்றோம். மேலாளர் இதனை ஏற்றார். இடச்செலவு மிகக் குறைவு என்று மாணவி கணக்கிட்டுக் காட்டியது நம் வாதத்தைவிட அவரை அதிகம் அசைத்திருக்கும் என்று நினைக்கிறோம்.

நிரல் தீர்ப்பளிக்க இயலாத இணைகள் பல எஞ்சின. ஃபெலிகி, சன்டர் வகுத்த மூன்றாம் பிரிவு அது. மாணவி அவற்றை அலுவலகத்திலேயே அச்சிட்டுப் பட்டியலாக்கி, முகம் பார்த்து நோயாளரை அறியும் அந்த மூத்த தாதியிடம் கொடுத்தார். தாதி கண்ணாடியை அணிந்துகொண்டு, முதல் பக்கத்திலேயே இரு வரிகளுக்கு எதிரே மலாய்மொழியில் எழுதினார்: அக்காள், தங்கை. அதற்கடுத்த இணைக்கு எதிரே எழுதினார்: ஒருவரே, காது கேளாது, உரக்கப் பேசவும்.